பிரேக் பெடல் மெத்தென்று இறங்குகிறதா? பாகம் மாற்றும் முன் இதைச் செய்யுங்கள்

வணக்கம் நண்பர்களே. பெடல் மெத்தென்று இறங்கினால் உடனே ‘பிரேக் லைனில் ஏர் இருக்கு, எடுத்துடலாம்’ என்பார்கள். பெரும்பாலும் ஏர்தான், ஆனால் எப்போதும் அல்ல. தரைவரை இறங்குகிற பெடலோடு மட்டும் தயவுசெய்து வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.

சரி, என்ஜினை ஆஃப் செய்து, பெடல் கல் மாதிரி ஆகும்வரை மிதியுங்கள். அப்படி ஆனால் பூஸ்டரில் (மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பாகம்) இருந்த வாக்குவம் தீர்ந்துவிட்டது. இதைச் செய்யாமல் சோதித்தால் கணக்கு தப்பும். காலை எடுத்து, சற்று நேரம் கழித்து ஒரே ஒரு முறை மிதியுங்கள். மறுபடி மெத்தென்று போய், அடுத்தடுத்த மிதியில் மேலே ஏறி வருகிறதா? லைனில் ஏர் இருக்கலாம், அல்லது பின்சக்கர டிரம்மில் ஷூவுக்கும் (உள்ளிருந்து டிரம்மை அழுத்தும் கட்டை) டிரம்முக்கும் உள்ள இடைவெளி கூடியிருக்கலாம்.

இப்போது அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே நழுவுகிறது என்றால் பிரேக் ஆயில் எங்கோ போகிறது. பிரேக் ஆயில் டேங்கில் அளவு குறைந்தால் சக்கரங்களின் உட்பக்கம், ஹோஸ் முனைகள், பெடலுக்கு மேலே எல்லாம் ஈரம் தேடுங்கள். பேட் தேய்ந்தாலும் அளவு கொஞ்சம் இறங்கும், அது வேறு. அளவு அப்படியே இருந்தும் பெடல் நழுவினால், மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதிக்கும்போது ஆயிலை லைனுக்குத் தள்ளும் பாகம்) உள் சீல் மேல்தான் சந்தேகம். அதற்கு எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பயனில்லை.

அழுத்தியபடியே என்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாக இறங்கும். பயப்பட வேண்டாம், பூஸ்டர் வேலை செய்கிறது.

இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது மட்டும் மெத்தென்று ஆனால் ஆயிலைப் பாருங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த எல்லை 155 ஆகிவிடுகிறது. கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் பஞ்சு. பொதுவாக 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஏர் எடுக்கும்போது நிப்பிளில் (சக்கரத்தருகே ஏர் வெளியேற்றும் திருகு) கண்ணாடி போன்ற டியூபை மாட்டுங்கள். முதலில் நுரை, அப்புறம் ஒற்றைக் குமிழ்கள், கடைசியில் தெளிவான ஆயில். அதன் பிறகும் பெடல் கெட்டியாகவில்லையா? காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) மாற்றியிருந்தால் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் வலம் மாறி மாட்டினால் அது கீழே வந்துவிடும், ஏர் உள்ளேயே தங்கிவிடும். அதுவும் சரியாக இருந்தால் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டில் ஏர் சிக்கியிருக்கலாம். பல வண்டிகளில் அதை எடுக்க ஸ்கேனர் வேண்டும், அது இருக்கிற மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.