காலிப் பெட்டிலிருந்து பெல் அடித்தால்: நைட் டூட்டி கதைகளுக்குள் என்ன இருக்கிறது?

(காட்சி: இரவு நேர வார்டு வராந்தா. ஒரு டியூப்லைட் மட்டும் எரிகிறது.)

ஆறாம் நம்பர் பெட்டில் ஆள் இல்லை. சாயங்காலம்தான் அந்தப் பெரியவர் இறந்தார். வீட்டார் உடலை எடுத்துப் போய்விட்டார்கள், ஆயாம்மா மெத்தையைத் துடைத்து விரிப்பு மாற்றியாயிற்று. ராத்திரி இரண்டரை மணிக்கு அதே பெட்டிலிருந்து கால் பெல் அடிக்கிறது.

கடலூரிலோ புதுச்சேரியிலோ நைட் டூட்டி பார்த்த எந்த சிஸ்டரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெட் நம்பர் மாறும், கதை மாறாது. பிணவறைப் பக்கம் வேலை செய்பவர்களிடம் இன்னும் நான்கு கதை கூடுதலாகக் கிடைக்கும். லிஃப்ட் ஆபரேட்டர், செக்யூரிட்டி அண்ணன் என்று ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள்.

வணக்கம். பேய் இருக்கிறதா இல்லையா என்று பட்டிமன்றம் நடத்தப் போவதில்லை. என் கட்சியை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் புளுகுவதில்லை. பெல் உண்மையிலேயே அடித்தது, பிணம் உண்மையிலேயே முனகியது. காரணத்தைத்தான் தப்பான இடத்தில் தேடுகிறோம். அதிலும் சில கதைகளில் அமானுஷ்யம் என்று நாம் வாயைப் பிளப்பது, ஒரு சிஸ்டரின் பல வருஷத் தொழில் அனுபவத்தைப் பார்த்துத்தான்.

இந்த ஊர்களில் ஏன் இத்தனை கதை? புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1823-லேயே மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரி. கடலூர், விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கேஸ் கைமீறுகிறது என்றால் இன்றும் "பாண்டிக்குக் கொண்டுபோயிடுங்க" என்பார்கள். சுற்றுவட்டாரத்தில் மிகவும் முடியாமல் போனவர்கள் வந்து சேரும் ஊர் இது. சாவைப் பக்கத்தில் பார்ப்பவர்களும் அதனால் இங்கே அதிகம்.

சரி, பெல்லுக்கு வருவோம். சின்ன நர்சிங் ஹோம்களில் ஒயரில்லாத மலிவான காலிங் பெல் பொருத்தியிருப்பார்கள். அவற்றில் பல 433 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் இயங்குபவை. பக்கத்துக் கட்டடத்தில் யாரோ அழுத்தினால் இங்கே அடிக்கலாம். ஒயர் உள்ள பெல் என்றால் நம் ஊர் உப்புக் காற்றே போதும். சுவிட்சுக்குள் இருக்கும் பித்தளைத் தகடு பச்சை பிடித்து, மழைக்கால ஈரத்தில் தானாகவே தொடர்பு ஏற்படும். விரிப்பு மாற்றும்போது ஒயர் இழுபட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

லிஃப்ட் தானாகக் கீழே போய்க் கதவு திறப்பது இன்னும் எளிது. கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாவிட்டால் தரைத்தளத்துக்குப் போய் நிற்கும்படி பல லிஃப்டுகளில் ஏற்பாடே இருக்கிறது. கதவு படாரென்று சாத்திக்கொள்வதற்குக் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது: பகலெல்லாம் கடலிலிருந்து வீசிய காற்று, பின்னிரவில் நிலத்திலிருந்து கடலைப் பார்த்துத் திரும்பும். பகலில் அசையாத கதவு ராத்திரியில் அடித்துக்கொள்ளும். மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடமாக இருந்தால் உத்திரம் வேறு குளிர்ந்து சுருங்கும்போது சத்தம் போடும்.

(காட்சி: பிணவறைக் கதவு, வெளியிலிருந்து மட்டும்.)

உடம்பு சம்பந்தப்பட்ட கதைகள் இதைவிடக் கனமானவை. இறந்தவரை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது "ஹ்ம்ம்" என்று ஒரு முனகல். புதிதாக வேலைக்கு வந்த பையன் அன்றோடு வேலையை விட்டுப் போனான் என்பார்கள். உயிர் போனாலும் நுரையீரலில் காற்று மிச்சமிருக்கும். புரட்டும்போது மார்பு அழுந்தினால் அந்தக் காற்று குரல்வளை வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். குரல்வளைக்கு ஆள் இறந்தது தெரியாது, ஒலி எழுப்பிவிடும். இறந்து சில மணி நேரத்தில் உடம்பு விறைக்கும்போது ரோமக்கால்களில் இருக்கும் குட்டித் தசைகளும் இறுகி, தோலில் புல்லரித்ததுபோல் தெரியும். அதைப் பார்த்தால் நமக்குப் புல்லரிக்கும்.

ஐ.சி.யூ.வில் நடப்பது இன்னும் கடுமை. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பரவிய பிறகு மூளைச்சாவு என்ற சொல் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. அப்படி உறுதி செய்யப்பட்ட ஒருவர், வென்டிலேட்டரை எடுக்கும் நேரத்தில், இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கி மார்பின் மேல் கொண்டுவந்து வைக்கக்கூடும். ஆலன் ரோப்பர் என்ற நரம்பியல் மருத்துவர் 1984-ல் இதை எழுதிவைத்தார். பைபிளில் செத்துப் பிழைத்த லாசரஸை வைத்து, லாசரஸ் அறிகுறி என்று பெயர். சூடான பாத்திரத்தைத் தொட்டால் மூளைக்குத் தெரியும் முன்பே கை பின்வாங்குகிறது இல்லையா, அந்த வேலையைச் செய்வது முதுகுத் தண்டு. மூளை இறந்த பிறகும் முதுகுத் தண்டு கொஞ்சம் இயங்கலாம், அவ்வளவுதான். ஆனால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற மனைவிக்கு இதை எப்படிச் சொல்வது? விஷயத்தை முன்கூட்டியே உறவினர்களிடம் எடுத்துச் சொல்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்து, சனிக்கிழமை. "சனிப்பொணம் தனியா போகாது" என்று வார்டிலும் சொல்வார்கள். சனிக்கிழமை ஒருவர் போனால் விடிவதற்குள் இன்னொருவர் போவார் என்று கையில் விரல் மடக்கிக் காட்டும் ஆயாம்மாக்கள் உண்டு. அவர்கள் எண்ணியதும் தப்பில்லை. ஒரு கணக்குப் போடுவோம். பெரிய வார்டு ஒன்றில் சராசரியாக நாளைக்கு ஒரு சாவு என்று வையுங்கள். சராசரி ஒன்று என்றால் தினமும் சரியாக ஒன்று நடக்கும் என்று அர்த்தமில்லை. நிகழ்தகவுக் கணக்குப்படி 30 நாளில் சுமார் 11 நாள் ஒரு சாவும் இருக்காது. 11 நாள் ஒன்று. மீதி 8 நாள் இரண்டோ அதற்கு மேலோ. சாவு நடந்த 19 நாட்களை மட்டும் எடுத்தால், அவற்றில் 8 நாள் முதல் பிணம் தனியாகப் போகவில்லை! பத்துக்கு நான்கு தடவை பலிக்கிற ஜோசியத்தை யார்தான் நம்பமாட்டார்கள்? திங்கட்கிழமைக்கும் இதே கணக்குதான். திங்கட்கிழமைக்குப் பழமொழி இல்லாததால் யாரும் எண்ணுவதில்லை.

அமுக்குவான் பேய் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். ஓய்வறையில் கொஞ்சம் கண் அசந்தபோது நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்தார்கள், கத்தவும் முடியவில்லை, கையைத் தூக்கவும் முடியவில்லை என்பது. கனவு வரும் தூக்கத்தில் உடம்பு அசையாதபடி மூளை தசைகளைக் கட்டிப்போடும். கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிட்டால் கண் திறந்திருக்கும், கனவு மிச்சமிருக்கும், உடம்பு நகராது. மக்களில் நூற்றுக்குச் சுமார் 8 பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இதை அனுபவிக்கிறார்கள். தூக்கம் கெட்டவர்களுக்கும் மாறி மாறி ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும் அதிகம். தொடர்ந்து நைட் போட்டுவிட்டுப் பேய் வந்தது என்றால், பேயைவிட டூட்டி சார்ட் போட்டவரைத்தான் விசாரிக்க வேண்டும்.

இன்னொரு விளக்கம் இணையத்தில் ரொம்ப ஓடுகிறது. இங்கிலாந்துப் பொறியாளர் விக் டாண்டி, தன் ஆய்வுக்கூடத்தில் சாம்பல் நிற உருவம் தெரிந்ததற்குக் காரணம், ஒரு மின்விசிறி எழுப்பிய 19 ஹெர்ட்ஸ் அளவிலான, காதுக்குக் கேட்காத அதிர்வு என்று 1998-ல் எழுதினார். சுவையான கதை. ஆனால் அதை வைத்து எல்லா ஆஸ்பத்திரிப் பேயையும் ஓட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

(காட்சி: நர்சிங் ஸ்டேஷன், கேஸ் ஷீட், ஒரு கை எழுதிக்கொண்டிருக்கிறது.)

இப்போது நான் முதலில் சொன்ன தொழில் அனுபவத்துக்கு வருகிறேன். "பன்னிரண்டாம் நம்பர் ராத்திரி தாண்டாது" என்று டூட்டி மாறி ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போதே ஒரு சீனியர் சிஸ்டர் சொல்கிறார். பி.பி. சரியாக இருக்கிறது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் சரியாக இருக்கிறது. "எப்படிக்கா சொல்றீங்க?" என்றால், "மூஞ்சியைப் பாரு" என்பார். விடியற்காலை அவர் சொன்னபடியே ஆகிவிடும். அடுத்த வாரத்திலிருந்து அந்த சிஸ்டருக்குக் கருநாக்கு என்று பெயர்.

1990-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஆஸ்பத்திரியிலேயே இதயம் நின்றுபோன 64 நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளைத் திரும்பிப் பார்த்தது. அவர்களில் 84 சதவீதம் பேருக்கு, அதற்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள் மூச்சிலோ நினைவிலோ வேறு எதிலோ மாற்றம் தெரிந்திருந்தது. சகுனம் கேஸ் ஷீட்டிலேயே இருந்திருக்கிறது. மூச்சு கொஞ்சம் வேகமாவது, உதட்டோரம் வெளுப்பது, நன்றாகப் பேசியவர் விரிப்பைப் பிசைந்துகொண்டே இருப்பது, கால் சில்லிடுவது என்று எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஆயிரம் முகம் பார்த்தவருக்கு இவை ஒன்றுசேர்ந்து "ஏதோ சரியில்லை" என்று படும். எது சரியில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நெதர்லாந்தில் கோஸ்கே டவ் என்ற ஆய்வாளரின் குழு, நர்ஸின் இந்தக் கவலையையே ஒன்பது அறிகுறிகளாகப் பிரித்து ஒரு அட்டவணையாக்கியது. பி.பி., பல்ஸ் போன்ற எண்களோடு அதையும் சேர்த்தபோது, நிலைமை மோசமாகப் போகிறவர்களை இன்னும் நன்றாகக் கண்டுபிடிக்க முடிந்தது.

நோயாளியே சொல்வதும் உண்டு. "சிஸ்டர், நான் பொழைக்க மாட்டேன், ஏதோ ஆகப் போகுது." இதைக் கேட்டால் வீட்டார் "வாயைக் கழுவுங்க" என்று அதட்டுவார்கள். மருத்துவப் புத்தகத்திலோ இது அறிகுறிப் பட்டியலில் இருக்கிறது. மாரடைப்பு, நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு, மருந்து ஒவ்வாமை, பொருந்தாத ரத்தம் ஏறியது ஆகிய எல்லாவற்றிலும் "செத்துவிடப் போகிறேன்" என்ற திடீர் திகில் வரலாம். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒருவர் அப்படிச் சொன்னால், விவரம் தெரிந்த சிஸ்டர் சாமி கும்பிட்டுக்கொண்டு நிற்கமாட்டார். முதலில் ரத்தம் ஏற்றுவதை நிறுத்துவார், அப்புறம் டாக்டரைக் கூப்பிடுவார்.

(காட்சி: ஜன்னல் ஓரக் கட்டில்.)

மிச்சமிருப்பவை, எனக்கும் பதில் தெரியாதவை. "எங்கம்மா வந்து நிக்கிறா, நாற்காலி போடு" என்று கடைசி நாட்களில் சொல்கிறவர்கள். 1960-களிலும் 70-களிலும் கார்லிஸ் ஓசிஸ், எர்லெண்டூர் ஹரால்ட்ஸன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவிலும் வட இந்தியாவிலும் டாக்டர்களையும் நர்ஸ்களையும் விசாரித்தார்கள். இறந்த சொந்தக்காரர்கள் வந்ததாகச் சொன்னது அமெரிக்கர்கள் பக்கம் அதிகம். இங்கே தெய்வ உருவங்களும் எமதூதர்களும் அதிகம். "வரமாட்டேன்" என்று தகராறு செய்தவர்களும் இங்கேதான். வருகிறவர்கள் அந்தந்த ஊர் வழக்கப்படி வருகிறார்கள் என்பதைப் பார்த்தால், அந்தக் காட்சி மனசிலிருந்து எழுவது என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் காய்ச்சல் பிதற்றல் என்று ஒதுக்கவும் முடியாது. அமெரிக்காவின் பஃபலோவில் கிறிஸ்டோபர் கெர் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், கடைசிக் காலப் பராமரிப்பில் இருந்த 59 பேரைத் தினமும் விசாரித்தார்கள். 88 சதவீதம் பேர் ஒரு கனவோ காட்சியோ கண்டதாகச் சொன்னார்கள். சாவு நெருங்க நெருங்க அதில் இறந்தவர்கள் கூடுதலாக வந்தார்கள். பயத்தைவிட ஆறுதலே அதிகம். பிதற்றல் என்றால் பூச்சி ஊர்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று குழம்பித் தவிப்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசத்தை நோயாளியின் பேச்சிலேயே நர்ஸ்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம், கடைசித் தெளிவு. பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவர், மகனையே அடையாளம் தெரியாமல் போன மறதி நோயாளி, திடீரென்று எழுந்து உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு காபி கேட்கிறார். அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். ஜெர்மானிய ஆய்வாளர் மைக்கேல் நாம் 2009-ல் இதற்கு ஆங்கிலத்தில் தனிப் பெயர் வைத்தார். 2023-ல் மிச்சிகன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், வென்டிலேட்டர் எடுக்கப்பட்ட நான்கு பேரில் இருவருக்கு மூளை மின்அலைகள் திடீரென்று எகிறின. ஆனால் அது கடைசி நிமிடங்களில் நடந்தது. அரைநாள் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசியதற்கு அது விளக்கமாகாது. சிதைந்த மூளை எதை வைத்து அவ்வளவு தெளிவாகப் பேசியது என்பது இன்னும் திறந்த கேள்விதான்.

வார்டில் இதனால் நடக்கும் சங்கடம் ஒன்று இருக்கிறது. அப்பா தேறிவிட்டார் என்று நினைத்து, ராத்திரியெல்லாம் கூட இருந்த மகன் நெய்வேலிக்கு பஸ் ஏறிவிடுவார். மறுநாள் போன் வரும். அதனால் ரொம்ப முடியாமல் கிடந்தவர் காரணமே இல்லாமல் தெளிந்தால், ஊருக்குக் கிளம்பும் முன் டியூட்டி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காபி கேட்டால், விழுங்க முடிகிறதா என்று சிஸ்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கொடுங்கள், புரையேறிவிடக் கூடாது. வெளியூரில் இருக்கிற தங்கைக்கும் அன்றைக்கே வீடியோ கால் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.