சும்மா இருப்பவர்தான் தடுப்பவர்

நேயர்களுக்கு வணக்கம். டேட்டாபேஸ் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களை மனதில் வைத்துப் பேசுகிறேன். உதாரணத்துக்கு போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்.

பில் போடும் மென்பொருள் அப்படியே நின்றுவிடுகிறது. சர்வரைப் பார்த்தால் சிபியு ஓய்வாக இருக்கிறது, டிஸ்க்கிலும் பரபரப்பு இல்லை. அப்போது லாக்கை, அதாவது ஒருவர் பயன்படுத்தும் தரவில் மற்றவர் குறுக்கிடாதபடி டேட்டாபேஸ் போடும் பூட்டைச் சந்தேகப்படுங்கள். பலர் அவசரப்பட்டு, ரொம்ப நேரமாக ஓடும் குவெரியை, அதாவது டேட்டாபேஸுக்கு அனுப்பிய கட்டளையை, கொன்றுவிடுகிறார்கள். பாவம், அது காத்திருந்த அப்பாவியாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

2016இல் வந்த 9.6 பதிப்பிலிருந்து 'பிஜி பிளாக்கிங் பிட்ஸ்' என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. காத்திருக்கும் பிராசஸின் எண்ணைக் கொடுத்தால், அதைத் தடுப்பது யார் என்று சொல்லும். அவரைத் தடுப்பவர் யார், அவருக்கும் மேலே யார் என்று ஏறிக்கொண்டே போங்கள். யாருக்காகவும் காத்திராத ஒருவரிடம் போய் நிற்பீர்கள். இணைப்புகள் என்ன செய்கின்றன என்று காட்டும் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி'யில் அவர் நிலை பல நேரம் 'ஐடில் இன் ட்ரான்சாக்ஷன்' என்றிருக்கும். அதாவது பிகின் போட்டு ட்ரான்சாக்ஷனைத் தொடங்கி, ஒரு வரியை அப்டேட் செய்துவிட்டு, கமிட் செய்து முடிக்காமல் சும்மா இருக்கிறார்! பக்கத்தில் தெரியும் குவெரி அவர் கடைசியாக ஓட்டியது. லாக்கை எடுத்தது அதற்கு முந்தையதாகவும் இருக்கலாம். அதை நம்பி ஏமாறாதீர்கள்.

இவரிடம் 'கேன்சல்' பலிக்காது. நிறுத்துவதற்கு அங்கே குவெரியே ஓடவில்லையே. 'டெர்மினேட்' செய்து இணைப்பையே துண்டிக்க வேண்டும்.

இன்னொன்று, டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிளைப் பகலில் ஓட்டுகிறவர்களுக்கு. ஒரு நீண்ட ரிப்போர்ட் அந்த டேபிளைப் படித்துக்கொண்டிருந்தால் ஆல்டர் காத்திருக்கும். அது கேட்பது முழு உரிமை என்பதால், பின்னால் வரும் சாதாரண செலக்ட் எல்லாம் அதற்குப் பின்னே வரிசை கட்டும். படிப்பது படிப்பதைத் தடுக்காதே என்று குழம்பிப்போவோம். நடுவில் நிற்கிற ஆல்டர்தான் காரணம். ஓட்டுவதற்கு முன் 'லாக் டைம்அவுட்' இரண்டு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் லாக் கிடைக்காவிட்டால் விலகி, பிறகு முயலலாம்.

டெட்லாக்கைப் பற்றி, அதாவது இருவர் ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்பதைப் பற்றி, அதிகம் கவலை வேண்டாம். ஒரு விநாடி காத்திருந்த பிறகு போஸ்ட்கிரெஸே சோதித்து, ஒருவரை வெளியேற்றிவிடும். கமிட் மறந்தவரை மட்டும் அது தானாக வெளியேற்றாது. அதற்கான டைம்அவுட்டின் தொடக்க மதிப்பு பூஜ்ஜியம், அணைந்தே கிடக்கிறது. அப்ளிகேஷன் யூசருக்கு ஒரு அளவு, கையால் குவெரி அடிப்பவர்களுக்கு வேறு அளவு என்று ரோல் வாரியாகவே அதை வைக்கலாம்.