எறும்பின் கண்ணும் நிலாவின் பள்ளமும் ஒரே லென்ஸில், செலவில்லாமல்!

[திரையில்: பழைய மூக்குக் கண்ணாடி ஒன்று மெல்ல இறங்கி, கேமரா லென்ஸின் முகத்தை மூடுகிறது.]

இது என் அப்பாவின் கண்ணாடி. காலையில் பேப்பர் படிக்கும்போது மட்டும் மூக்கில் ஏறும். மற்ற நேரமெல்லாம் வீடே சேர்ந்து இதைத் தேடும். வெள்ளெழுத்துக்குப் போட்டது, பவர் பிளஸ் இரண்டு. இதைச் சாதாரண ஜூம் லென்ஸ் ஒன்றின் முன்னால் பிடிக்கிறேன். கேமராவில் என்ன தெரிகிறது, பாருங்கள்.

[திரையில்: செம்பருத்திப் பூவின் தண்டு. நுனியில் ஐந்து சிவப்புக் குமிழ்கள், கீழே மஞ்சள் மகரந்தம் மணி மணியாக.]

படத்தில் இருப்பது வாசலில் பூத்த செம்பருத்தி. லென்ஸ் பறவைகளை எடுப்பதற்காக வாங்கியது!

வணக்கம். தலைப்பில் ‘செலவில்லாமல்’ என்று போட்டிருக்கிறேன். அதில் பாதி பொய். கேமரா உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அப்பாவும் கண்ணாடி போடுகிறார் என்ற துணிச்சலில் போட்டது. மீதிப் பாதிக்கு நான் பொறுப்பு.

கேமரா வாங்கிய முதல் மாதம், கூடவே வரும் 18-55 லென்ஸில் வீட்டில் உள்ளவர்களை எல்லாம் எடுத்து முடித்துவிடுவோம். இரண்டாவது மாதம் இரண்டு ஆசைகள் ஜோடியாக வரும். ஒன்று, மாமரத்து எறும்பின் கண்ணைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, வேடந்தாங்கல் ஏரி நடுவே மரத்தில் நிற்கும் நாரையை எட்டிப் பிடிக்க வேண்டும். கடையில் கேட்டால் இரண்டுக்கும் இரண்டு லென்ஸ் எடுத்து மேசையில் வைப்பார்கள். பறவைக்காரர்கள் தோளில் சுமக்கும் 600 மில்லிமீட்டர் எஃப்/4 வகை லென்ஸ்களின் விலை பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். (எஃப் எண் என்பது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது.) அந்த விலைக்கு நாரை தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்.

என் கட்சி இதுதான்: இரண்டு ஆசைக்கும் ஒரே லென்ஸ் போதும். அது தொலைவுக்கான லென்ஸாக இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் எறும்பை எடுக்கத் தொலைவு லென்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள். அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இந்த வீடியோ.

பாடம் போல இருக்கும் பகுதியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். லென்ஸின் மில்லிமீட்டர் எண் கூடக்கூடப் பார்வை குறுகும், பொருள் பெரிதாகும். சிறிய சென்சார், அதாவது பிம்பம் விழும் சில்லு, உள்ள கேமரா என்றால் பார்வை எவ்வளவு குறுகும் என்று அறிய மட்டும் அந்த எண்ணைக் கேனனில் 1.6ஆலும் நிக்கானில் 1.5ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். முடிந்தது.

[திரையில்: ஒரு ரூபாய் நாணயம்.]

அடுத்து ‘மேக்ரோ’ என்ற சொல். லென்ஸ் பெட்டிகளில் இந்தச் சொல்லை உப்பு தூவுவதுபோலத் தூவி வைத்திருக்கிறார்கள். உண்மையான மேக்ரோ என்றால் பொருளின் அளவும் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவும் சமமாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று. இதைச் சோதிக்க ஒரு ரூபாய் போதும். 2011இல் வந்த ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். கேனனின் சிறிய சென்சாரின் அகலமும் ஏறத்தாழ அதே 22. நாணயம் படத்தின் இடது ஓரம் முதல் வலது ஓரம் வரை அடைத்து நின்றால் ஒன்றுக்கு ஒன்று. மேலும் கீழும் வெட்டுப்படும், சென்சாரின் உயரம் 15தான். நாணயம் பாதி அகலத்துக்குத்தான் வருகிறதா, அது அரை மேக்ரோ. 2019க்குப் பிறகு வந்த நாணயம் இதைவிடச் சிறியது, அதனால் உண்டியலில் பழையதைத் தேடி எடுங்கள்.

இப்போது கண்ணாடிக்கு வருகிறேன். இந்த இடத்தில் எனக்கு வாய் நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘லென்ஸின் திறன்’ என்று ஒரு கணக்கு வரும். ஒன்றைக் குவியத் தூரத்தால் வகு, விடை டையாப்டரில். இரண்டு மதிப்பெண்ணுக்காகப் படித்து மறுநாளே மறந்தோமே, அதே கணக்கு. கண்ணாடிக் கடைக்காரர் ‘பவர்’ என்று சொல்வதும் இந்த டையாப்டரைத்தான். பிளஸ் இரண்டு என்றால் குவியத் தூரம் அரை மீட்டர், அதாவது 500 மில்லிமீட்டர்.

அரை மீட்டர் தள்ளி இருக்கும் பூவிலிருந்து வரும் ஒளியை இந்தக் கண்ணாடி வாங்கி, வெகு தொலைவிலிருந்து வரும் ஒளியைப்போல நேராக்கிப் பின்னால் அனுப்புகிறது. பின்னால் இருக்கும் ஜூம் லென்ஸுக்கு இந்தச் சூது தெரியாது. நிலாவைப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு செம்பருத்தியைப் பார்க்கிறது. அப்பாவின் கண்ணுக்கும் காலைப் பேப்பரில் நடப்பது இதுதான்.

ஜூம் லென்ஸின் ஃபோகஸை முடிவிலிக்கு, அதாவது வெகு தொலைவுக்கு வைத்துவிட்டால், பிம்பம் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஒரே ஒரு வகுத்தல்தான். ஜூமின் மில்லிமீட்டரைக் கண்ணாடியின் மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். என் ஜூம் 250 வரை போகும். 250ஐ 500ஆல் வகுத்தால் அரை. நாணயம் பாதிப் படத்தை அடைக்கும். அதே கண்ணாடியை 18-55இன் முன்னால் பிடித்தால்? 55ஐ 500ஆல் வகுத்தால் பத்தில் ஒன்று. பூ இருந்த இடத்திலேயே இருக்கும், நீங்கள் ஏமாந்து நிற்பீர்கள். எண் பெரிதாக இருக்கும் லென்ஸுக்குத்தான் கண்ணாடி வேலை செய்யும். தொலைவு லென்ஸ் வாங்குங்கள் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

அப்பாவின் கண்ணாடியில் குறை இல்லாமல் இல்லை. நடுவில் கூர்மையாக இருக்கும், ஓரம் கரைந்து ஓடும், வெள்ளைப் பொருளின் விளிம்பில் ஊதா நிறம் கசியும். போதாததற்கு, பாதிப் படப்பிடிப்பில் அப்பா வந்து கையை நீட்டுவார். ஆகவே இதற்கென்றே செய்த ஒன்றை வாங்கினேன். ரேனாக்ஸ் டிசிஆர்-250. மூன்று கண்ணாடித் துண்டுகள் சேர்ந்தது, பவர் பிளஸ் எட்டு. நம் தெருக் கண்ணாடிக் கடையில் பிளஸ் எட்டு என்று சொல்லிப் பாருங்கள், நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடுவார்கள்! இதன் குவியத் தூரம் 125 மில்லிமீட்டர். வகுங்கள்: 250 வகுத்தல் 125. இரண்டு. ஒன்றுக்கு ஒன்று தரும் விலை உயர்ந்த மேக்ரோ லென்ஸைவிட இரு மடங்கு!

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஜூமை 55இல் வைத்தாலும் 250இல் வைத்தாலும் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள தூரம் ஏறத்தாழ அதே பன்னிரண்டரை சென்டிமீட்டர். நின்ற இடத்தில் நின்றபடியே முழு எறும்பு, எறும்பின் தலை, எறும்பின் கண் என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். இருபக்கமும் கவ்விப் பிடிக்கும் கிளிப் இருப்பதால், எறும்பை எடுத்துக்கொண்டிருக்கும்போது மீன்கொத்தி வந்து உட்கார்ந்தால் ஒரு கையால் கழற்றிப் பையில் போட்டுவிட்டு அதைச் சுடலாம். கேமராவால்தான், பயப்பட வேண்டாம்.

[திரையில்: மாமரத்து இலையில் முசுறு எறும்பு. தாடைகள் விரிந்திருக்கின்றன.]

இந்த முசுறின் நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள். இரு மடங்கு பெருக்கத்தில் மொத்தப் படமே 11 மில்லிமீட்டர் அகலம்தான், ஆகவே ஆள் ஓரத்துக்கு ஓரம் அடைத்து நிற்கிறார். ஆனால் எஃப்/11இல்கூடக் கூர்மையாக வரும் ஆழம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, உங்கள் நகத்தின் கனம்கூட இருக்காது. கண் தெளிந்தால் தாடை மங்கும். மூச்சு விட்டால் எல்லாமே மங்கும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். இடது கையால் இலைக் காம்பைப் பிடித்துக்கொண்டு, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்து, உடம்பை மட்டும் மயிரிழை முன்னும் பின்னும் ஆட்டி வரிசையாகப் பத்துப் படம் எடுங்கள். ஒன்று தேறும். முசுறு கையில் ஏறிவிட்டால் எதுவும் தேறாது, அனுபவத்தில் சொல்கிறேன்.

வெளிச்சம் போதாது, ஃபிளாஷ் வேண்டும். கேமராவின் சொந்த ஃபிளாஷின் முன்னால், கேக் செய்யும்போது தட்டில் விரிப்போமே, அந்த பட்டர் பேப்பரை இரண்டாக மடித்து லென்ஸின் மேல் கூரைபோல ஒட்டுங்கள். பூச்சியின் முதுகில் விழும் வெள்ளைப் பொட்டு மறைந்து ஒளி மெத்தென்று பரவும்.

இதைவிடவும் மலிவான வழிகள் இரண்டு உண்டு. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே வைக்கும் வெற்றுக் குழாய். மின் தொடர்பு இல்லாதது சில நூறு ரூபாய்தான், ஆனால் அதில் லென்ஸின் துளையைக் கேமராவால் கட்டுப்படுத்த முடியாது. 50 மில்லிமீட்டர் லென்ஸின் பின்னால் 50 மில்லிமீட்டர் குழாய் போட்டால் ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும், 250க்கு அதே குழாய் ஐந்தில் ஒரு பங்குதான் கூட்டும். மற்றொன்று, 18-55ஐத் திருப்பிப் போட உதவும் வளையம். வேலை செய்யும், பொறுமை தீரும்.

தொலைவுக்கு எந்த லென்ஸ்? என்னுடையது கேனன் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம். ஐஎஸ் என்றால் கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதி, எஸ்டிஎம் என்பது ஃபோகஸ் மோட்டாரின் வகை. எடை 375 கிராம். கண்ணாடி எதுவும் இல்லாமலே 85 சென்டிமீட்டரில் நாணயத்தைப் படத்தின் கால் பங்குக்கு மேல் அடைத்துக் காட்டும். பழைய கேமராக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. நிக்கான்காரர்களுக்கு ஏஎஃப்-பி 70-300, அதில் விஆர் என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத வகையும் உண்டு, கை நடுக்கத்தைத் தாங்காது. நிக்கானின் டி90, டி5100, டி3200 கேமரா வைத்திருப்பவர்கள் மட்டும் ஏஎஃப்-பி பக்கம் போகாதீர்கள், அந்தக் கேமராக்களில் ஃபோகஸ் ஆகாது. டாம்ரானின் பழைய 70-300 மேக்ரோ, துணைக் கண்ணாடி இல்லாமலே 95 சென்டிமீட்டரில் அரை மேக்ரோ தரும். நடுக்கம் தடுக்கும் வசதி கிடையாது, வெயிலில் மட்டும் ராஜா.

நிலாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 250இல் நிலாவின் பிம்பம் சென்சாரில் வெறும் 2.3 மில்லிமீட்டர், படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. வெட்டிப் பெரிதாக்கித்தான் பள்ளங்களைப் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 100, எஃப்/11, விநாடியில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துத் தொடங்குங்கள். பௌர்ணமியன்று எடுக்காதீர்கள், நேர் ஒளியில் தட்டையாக இருக்கும். அரை நிலாவின் விளிம்பில்தான் பள்ளங்களுக்கு நிழல் விழும்.

பறவைக்கு? காலையில் போங்கள். பத்து மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழுந்தால் பத்து லட்ச ரூபாய் லென்ஸும் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தது போலத்தான் எடுக்கும். அந்த நேரத்தில் உங்களுக்கும் பத்து லட்ச ரூபாய் லென்ஸ்காரருக்கும் வித்தியாசமே இல்லை, எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள். என் முதல் லென்ஸைக் கடை வெளிச்சத்தில் பார்த்து, பளபளப்பில் மயங்கி வாங்கிவந்தேன். இரவில் கைப்பேசி டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்த்தால், உள்ளே சிலந்தி வலைபோலப் பூஞ்சை வேர் விட்டிருந்தது. மறுநாள் கொண்டுபோனபோது கடைக்காரர் ‘அது டிசைன் சார்’ என்றார். டார்ச்சைக் கடையிலேயே அடித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், துணிப் பீரோவில் வேண்டாம்.

[திரையில்: கறுப்புப் பின்னணியில் வெளிர் நிற உருண்டை ஒன்று. மேலெல்லாம் தேன்கூடு போன்ற வலைப்பின்னல்.]

கடைசியாக ஒரு புதிர். அப்பாவின் கண்ணாடியால் அல்ல, பிளஸ் எட்டால் எடுத்து, நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியது. ஏதோ கோள் போல இருக்கிறது அல்லவா? எங்கள் வீட்டுச் சமையலறையில் எடுத்தேன், ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், குருமாவுக்கு அரைப்போம். விடையைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். கடுகு என்று எழுதுகிறவர்கள் சேனலை சப்ஸ்கிரைப் செய்துவிட்டு, சமையலறைக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம்.