ஏரிக்குள் ஒரு மைதானம்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்க் கால்பந்துக் குழுவின் வரலாற்றைப் பேசச் சொன்னார்கள். வீட்டுப் பரணில் தேடியதில் எங்களிடம் இருந்த ஒரே ஆவணம் கிடைத்தது. கோடு போட்ட வரவு செலவு நோட்டு. முதல் வரி, 'பிளாடர் 1, சொல்யூஷன் டியூப் 1, கோணி ஊசி 1.' யார் தலைவர், என்றைக்குத் தொடங்கினோம் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. சில வருஷங்களில் பக்கம் பக்கமாகச் செலவு, சில வருஷங்களில் ஒரு வரிகூட இல்லை. எழுதாமல் விட்டதெல்லாம் ஏரியில் தண்ணீர் நின்ற வருஷங்கள். எங்கள் மைதானம் ஏரிக்குள்தான் இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரைப் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. கபடிதான் ஊர் ஆட்டம். கால்பந்து பெங்களூரிலிருந்து வந்தது. அல்சூர், ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் என்று அங்கே தமிழர்கள் நெருக்கமாகக் குடியிருக்கும் பகுதிகளில் கால்பந்துதான் உயிர். கௌதமபுரத்தில் பீலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் தங்கி வேலை பார்த்த எங்கள் ஊர் அண்ணன் ஒருவர், எழுபதுகளின் கடைசியில் ஒரு பொங்கலுக்குச் சாமல்பட்டி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினார். கையில் மஞ்சள் பை, அதற்குள் காற்று இறக்கிய பந்து. பலகாரம் என்று நினைத்துத்தான் நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

அந்தப் பந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போதைய பந்து மாதிரி இல்லை. தோல் உறை, உள்ளே ரப்பர் பிளாடர், வாயைக் கட்ட ஷூவுக்குப் போடுவது போல லேஸ். தலையால் முட்டும்போது லேஸ் பக்கம் நெற்றியில் பட்டால் தடம் பதிந்துவிடும். விதிப்படி பந்தின் எடை 410 முதல் 450 கிராம் வரை. பனியில் நனைந்தால் எங்கள் பந்து அதைவிடக் கனக்கும். ஏரியில் வேலமுள்ளுக்குப் பஞ்சமே இல்லை, வாரம் ஒரு பஞ்சர். சைக்கிள் கடையில் அலுமினிய வட்டாவில் தண்ணீர் வைத்து பிளாடரை அமுக்கி, குமிழி வரும் இடத்தை விரலால் பொத்திக்கொண்டு, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டு போடுவோம். உறையைத் தைக்கிற நூலுக்குத் தேன்மெழுகு தடவ வேண்டும். இல்லாவிட்டால் நாலே உதையில் தையல் விட்டுவிடும்.

பூட்ஸ் யாருக்கும் கிடையாது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றார்கள். நம் பக்கம் விழுந்த அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். பெங்களூர் அண்ணன் இதை எங்களுக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். பூட்ஸ் வாங்கித் தராமல் இருக்க நல்ல கதை.

1986 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு ஊத்தங்கரையில் தெரிந்தவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தோம். நம் நேரத்துக்கு இரவு 11.30 மணிக்கு ஆட்டம். திரையில் பாதி புள்ளி. இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா கையால் தட்டிவிட்ட கோலை அன்றைக்கு நாங்கள் சரியாகப் பார்க்கவே இல்லை. ஆனால் விஷயம் பரவி, அடுத்த வாரம் எங்கள் ஏரியில் மூன்று பேர் கையால் கோல் போட்டார்கள். ரெஃப்ரியாக நின்ற வாத்தியார் விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அப்புறம் செவன்ஸ் டோர்னமென்ட். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். ஆஃப்சைடு எல்லாம் எங்கள் ஏரிக்கு வெகு நாள் கழித்துத்தான் வந்தது. முதல் பரிசு ஒரு கிடா. ஜெயித்த வெளியூர்க்காரர்கள் அதை இங்கேயே அறுத்து எங்களுக்கும் களியோடு குழம்பு ஊற்றினார்கள். தோற்ற வருத்தம் கை கழுவும் வரைதான் இருந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் நிலத்தில் மானாவாரி நிலக்கடலை. அப்பா வாசலில் நின்று மேகத்தைப் பார்ப்பார். நானும் அதே மேகத்தைத்தான் பார்ப்பேன். டோர்னமென்ட் முடியும் வரை பெய்யாமல் இருந்தால் தேவலை என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே பார்ப்பேன். ஏரி வறண்ட வருஷங்களில்தான் நாங்கள் நன்றாக ஆடினோம். ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது எங்களுக்குத் தினமும் சாயங்காலம் மேட்ச். இதை அப்பாவிடம் கடைசி வரை சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் ஆள் குறைந்தது. ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் ஷிஃப்ட் பார்த்துத்தான் ஊருக்கு வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீப்பர் இல்லை, மறு ஞாயிறு ஃபார்வர்டு இல்லை. ஆனால் அவர்கள்தான் பணம் போட்டு, மூங்கில் கோல் போஸ்டைப் பிடுங்கிவிட்டு இரும்புக் குழாயில் வெல்டிங் செய்து நட்டார்கள். எட்டு கெஜம் அகலம், எட்டடி உயரம், கணக்குப்படி. குழியில் ஜல்லி போட்டு இறுக்கினோம். 'ஏரிக்குள்ளே எதுக்குடா இரும்பு?' என்று பெரியவர்கள் சிரித்தார்கள்.

2016இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்து, அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்தார்கள். நோட்டில் ஆகச் செலவு அதிகமான பக்கங்கள் அந்தச் சமயத்தவை. ஆடியவர்கள் எங்கள் பிள்ளைகள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். விடிந்ததும் கரைக்குப் போனேன். ஏரி நிரம்பிக் கோடி வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஓசூரிலிருந்து எங்கள் பழைய கீப்பர் போன் செய்தார்.

"தண்ணி எவ்வளவுடா?"

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன் அண்ணே."

"கோல் போஸ்ட் தெரியுதா?"

"மேல் குழாய் மட்டும் தெரியுது. நீர்க்காகம் ஒண்ணு இறக்கையை விரிச்சுக் காய வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

"அப்ப எட்டடி" என்றார்.

இப்போது ஊரில் எல்லாருக்கும் அதுதான் கணக்கு. சிரித்த பெரியவர்களும் கடலை போடுவதா நெல் நடுவதா என்று யோசிக்கும்போது கோல் போஸ்ட் எவ்வளவு தெரிகிறது என்றுதான் கேட்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.