பல்கலைக்கழகத்தின் எல்ஜிபிடி ஆதரவு மையம் என்னதான் செய்கிறது?

[திரையில்: வகுப்பறை. ஆசிரியர் கையில் வருகைப்பதிவு.]

பருவத்தின் முதல் வகுப்பு. ஆசிரியர் பெயர்களை வாசித்துக்கொண்டே வருகிறார். ஒரு திருநங்கை மாணவிக்கு அந்தப் பட்டியலில் இருப்பது பழைய பெயர். பதில் சொன்னால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். சொல்லாவிட்டால் ஆப்சென்ட்.

ஆசிரியரிடம் தனியாகப் போய்ச் சொல்லலாம்தான். ஆனால் ஒவ்வொரு பருவத்திலும், ஒவ்வொரு ஆசிரியரிடமும், முதலிலிருந்து சொல்ல வேண்டும். படிக்க வந்தவர் தலையில் இந்தச் சுமையைக் கட்டக் கூடாது. அதைச் சுமக்கத்தான் எல்ஜிபிடி மாணவர்களுக்கான, அதாவது தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் மாணவர்களுக்கான ஆதரவு மையம் இருக்கிறது.

[திரையில்: கணினியில் மாணவர் விவரப் படிவம்.]

மையத்து ஊழியர் அன்றைக்கே ஆசிரியரிடம் பேசிவிடுவார். அது உடனடி உதவி. அப்புறம்தான் பெரிய வேலை. அந்தப் பழைய பெயர் எங்கிருந்து வருகிறது? மாணவர் தரவுத்தளத்திலிருந்து. அங்கே சான்றிதழில் உள்ள பெயருக்கு மட்டும்தான் இடம் இருக்கும். அழைக்கும் பெயருக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்று நிர்வாகத்திடம் வாதாடி வாங்க வேண்டும். வாங்கிய பிறகும் மின்னஞ்சல், நூலகம், அடையாள அட்டை என்று தனித்தனி மென்பொருள் இருந்தால், ஒன்றில் மாற்றியது இன்னொன்றில் மாறாது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வீட்டுக்குப் போகும் கடிதத்தில் புதுப் பெயர் அச்சாகிவிட்டால்? வீட்டில் இன்னும் சொல்லாத மாணவிக்கு அன்றோடு படிப்பே நின்றுபோகலாம். அதனால் நல்ல படிவம் என்றால், "இந்தப் பெயர் எங்கெல்லாம் தெரியலாம்?" என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

[திரையில்: 1967, நியூயார்க்.]

ரகசியம் காப்பது இங்கே உயிர்நாடி. அன்றும் அப்படித்தான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தன்பாலீர்ப்பு மாணவர்களின் உரிமைக்காகச் சங்கம் தொடங்கியபோது, உறுப்பினர் பட்டியலைக் கொடுங்கள் என்றது நிர்வாகம். பெயர் கொடுத்தால் வாழ்க்கையே போய்விடும் என்ற காலம். வளாகத்தில் செல்வாக்குள்ள மாணவர் தலைவர்கள் சிலர், பெயரளவில் உறுப்பினராகச் சேர முன்வந்தார்கள். பட்டியல் நிறைந்தது, யாரும் அம்பலமாகவில்லை. 1967 ஏப்ரலில் அங்கீகாரம் கிடைத்தது. மற்றவர்கள் எப்படித் துணை நிற்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1971-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் இந்த மாணவர்களுக்கென்றே ஓர் அலுவலகம் திறந்து, சம்பளத்துக்குப் பகுதிநேர ஊழியர்களை வைத்தது. இது முக்கியம். மாணவர் சங்கம் எவ்வளவு துடிப்பாக இருந்தாலும், அதை நடத்துபவர்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். பாதியில் நிற்கும் புகாரை அடுத்த ஆண்டும் விடாமல் கேட்க, நிரந்தரமாக ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

மனநல ஆலோசனை, விடுதி அறை மாற்றம், கழிப்பறை வசதி, ஆசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் பயிற்சி எல்லாமே மையத்து ஊழியர்கள் பொறுப்பில் வரும்.

[திரையில்: மையத்தின் கதவு.]

சரி, உள்ளே போக என்ன வேண்டும்? நான் இன்னார் என்று முடிவு செய்துவிட்டு வர வேண்டியதில்லை. குழப்பத்தோடும் வரலாம். நண்பருக்காகக் கேட்கவும் வரலாம். பேச்சைத் தொடங்கும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: "நான் சொல்வதை நீங்கள் யாரிடமாவது சொல்லியாக வேண்டுமா?" பாலியல் துன்புறுத்தல், உயிருக்கு ஆபத்து போன்றவற்றை மேலிடத்துக்குத் தெரிவிக்கும் கடமை சில ஊழியர்களுக்கு உண்டு. எது வெளியே போகும், எது போகாது என்பதை அவர் தெளிவாகச் சொன்ன பிறகு பேசுங்கள்.