உண்டியல் பூட்டும் ரெண்டாவது போர்டும்

வணக்கம் நேயர்களே. பசியாறிக்கிட்டு இருக்கவங்க, பினாங்கு பாலத்து ஜாம்ல நிக்கிறவங்க எல்லாருக்கும் வணக்கம். நாங்க செய்யுற ஒரு சின்ன பாதுகாப்புச் சாவிக்கு எப்படி கிராண்ட், அதாவது உதவி நிதி, கேட்டோம்னு பேசச் சொல்லிருக்காங்க.

பேங்க்லேர்ந்து எஸ்எம்எஸ்ல டேக் நம்பர் வந்துக்கிட்டு இருந்துச்சே, பணம் அனுப்புறப்ப போடுற ஒரு தடவ ரகசிய நம்பர், அத போன்ல நைசா பேசி வாங்கி பணத்த உருவுனவனுங்கள பத்தி உங்க வீட்டுலயே யாராவது கத சொல்லுவாங்க. எங்க சாவி யூஎஸ்பி மாதிரி, லாகின் பண்றப்ப சொருகி ஒரு தடவ தொடணும், அவ்ளோதான், போன்ல வாய்விட்டுச் சொல்றதுக்கு அதுல நம்பரே இல்ல. இந்த மாதிரி சாவி கடையில ஏற்கனவே விக்குது. எங்களோடதுல சர்க்கியூட் படம், உள்ள ஓடுற கோட் எல்லாத்தையும் யார் வேணாலும் தொறந்து பாக்கலாம்.

ஒடனே கேப்பாங்க, எல்லாத்தையும் காட்டிட்டா திருடனுக்கு லேசாப் போயிடாதான்னு. கோயில் உண்டியல நெனச்சுப் பாருங்க. அது என்ன பூட்டுன்னு ஊருக்கே தெரியும், அதே பூட்டு ஹார்ட்வேர் கடையில தொங்குது, ஆனா சாவி பொறுப்புல இருக்கவங்ககிட்ட மட்டும், பணத்த எண்ணுறது பத்து பேர் கண்ணு முன்னால. ரகசியம் சாவியில இருக்கணும், பூட்டுல இல்ல. கெர்க்கோஃப்ஸ்னு ஒருத்தர் 1883-லயே இதத்தான் எழுதி வச்சாரு. மூடி வச்சா என்ன ஆகும்னா, 2017-ல எஸ்டோனியாவுல சுமார் 750,000 அடையாள அட்டைங்க, நம்ம மலேசிய ஐசி மாதிரி, உள்ள இருக்குற சிப் சாவி உருவாக்குற கோட்ல ஒரு ஓட்ட. அந்த கோட் பொதுவுல காட்டாதது, அதனால வருஷக்கணக்கா யாருக்கும் தெரியல, கடைசியில செக் நாட்டு பல்கலைக்கழகத்து ஆளுங்க அந்தச் சாவிகளோட வெளிய காட்டுற பாதிய, பொதுச் சாவிய, மட்டும் ஆராஞ்சு கண்டுபுடிச்சாங்க. பூட்ட காட்டியிருந்தா முன்னாடியே யாராவது பாத்திருப்பாங்கன்னு நான் நம்புறேன்.

இங்க பினாங்குல, பாயான் லெப்பாஸ்ல 1972-லேர்ந்து சிப் வேல நடக்குது. எங்கம்மா அங்க மைக்ராஸ்கோப்ல கண்ண வச்சு முடிய விட மெல்லிசான கம்பிய ஒட்டுனவங்க. இந்த ஊருல சிப்ப கையால தொட்ட குடும்பம் எத்தனையோ இருக்கு, அதனாலதான் இந்த வேல நமக்கு தூரமில்லன்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

சரி, கிராண்ட். மொத தடவ நான் எழுதுனதுல பாதிப் பக்கம் இணையப் பாதுகாப்பு எவ்ளோ முக்கியம்னு இருந்துச்சு. நிராகரிச்சுட்டாங்க. ரெண்டாவது தடவ வேற ஒரு நிதிக்கு போட்டோம், அங்கேர்ந்து ஈமெயில்ல ஒரே கேள்வி: மொத சர்க்கியூட் போர்டு வேல செய்யலன்னா என்ன பண்ணுவீங்க? எங்க பட்ஜெட்ல அதுக்கு ஒரு ரிங்கிட்கூட இல்ல. சாப்ட்வேர்னா தப்ப ராத்திரியே திருத்திடலாம், போர்டுல ஒரு கோடு தப்பா போச்சுன்னா ஃபேக்டரிக்கு மறுபடி காசு கட்டி, பார்ட்ஸ் மறுபடி வாங்கி, வாரக்கணக்கா காத்திருக்கணும். எங்களுக்கும் அப்படியேதான் ஆச்சு, மொத போர்டுல யூஎஸ்பியோட ரெண்டு லைன் மாறிப் போயிருந்துச்சு, கம்ப்யூட்டர் அத கண்டுக்கவே இல்ல. அதுக்குள்ள அவங்க கேள்விக்கு பதிலா ரெண்டாவது போர்டு செலவ தனி வரியா போட்டு அனுப்பியிருந்தோம், அத ஒத்துக்கிட்டாங்க. அந்த ஒரு வரிதான் புரோஜெக்ட்ட காப்பாத்துச்சு. கிராண்ட் கேக்குறவங்க தயவுசெஞ்சு ரெண்டாவது போர்டுக்கு காசு போடுங்க. வெளியாளு ஒருத்தர வச்சு சோதிக்கிற செலவையும் போடுங்க.

எங்க கேக்குறதுன்னா, நெதர்லாந்துல என்எல்நெட்னு ஒரு அறக்கட்டளை இருக்கு, ஐரோப்பிய ஒன்றியப் பணத்துலேர்ந்து மொத தடவ கேக்குறவங்களுக்கு 5,000லேர்ந்து 50,000 யூரோ வரைக்கும் குடுத்திருக்காங்க, விண்ணப்பப் பாரமும் சின்னதுதான். சிங்கப்பூர்ல இருக்குற ஹார்ட்வேர் நிபுணர் ஆண்ட்ரூ ஹுவாங்கோட ப்ரிகர்சர்ங்கிற கையடக்கப் பாதுகாப்புக் கருவிக்கும் அங்கேர்ந்து உதவி போயிருக்கு. ஆனா வேலைய துண்டு துண்டா பிரிச்சு, ஒவ்வொரு துண்டா முடிச்சுக் காட்டுனாத்தான் காசு வரும், அப்ப மொத பார்ட்ஸ் வாங்க கையில கொஞ்சம் வச்சுக்கணும்...

நேரம் முடியுதுன்னு தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு வெரல காட்டுறாரு. நம்ம வடிவமைப்ப மத்தவங்க எப்படி பயன்படுத்தலாம்னு சொல்ற லைசென்ஸ் பத்தி பேச நெனச்சேன், செர்ன் ஓப்பன் ஹார்ட்வேர் லைசென்ஸ், 2020-ல வந்த ரெண்டாவது பதிப்பு, அத மட்டும் தேடிப் படிங்க, அதுல மூணு வகை இருக்கு, எத எடுக்கணும்னு விண்ணப்பம் எழுதுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. வர்றேங்க, வணக்கம்.