4100-ல் இருந்து ஆரம்பிக்கலாமா? கிலோ கணக்கில் வாங்கிய 8085 கிட்

வணக்கமுங்க. பின்னால் கேட்கிற சத்தத்துக்கு முதலிலேயே மன்னிச்சுக்குங்க, பக்கத்து லேத் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை ஓடுகிறது, கோயம்புத்தூர் கணபதியில் குடியிருந்துகொண்டு அந்தச் சத்தம் இல்லாமல் வீடியோ எடுக்க வேண்டுமென்றால் ராத்திரி 2 மணிக்குத்தான் எடுக்க வேண்டும். இன்றைக்கு வீடியோ கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு உட்காருங்க.

இதோ மேசை மேல் இருக்கிறதே, இந்தப் பச்சை போர்டு, இதைப் பார்த்ததும் உங்களில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும், மீதிப் பாதிப் பேர் இது என்ன பழைய கால்குலேட்டரா என்று யோசித்திருப்பீர்கள். வயிற்றைக் கலக்கியவர்களுக்கு ஒரே ஒரு எண் சொல்கிறேன்: 4100. அவ்வளவுதான், லேப் எக்ஸாம், ரெக்கார்டு நோட்டு, வைவா எல்லாம் ஞாபகம் வந்திருக்குமே. தெரியாதவர்களுக்கு: இது 8085 மைக்ரோபிராசசர் கிட். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங், பாலிடெக்னிக் படித்த எத்தனையோ பேர் தங்கள் வாழ்க்கையின் முதல் மெஷின் கோடை, அதாவது சிப் நேராகப் படிக்கிற எண்களை, இந்த மாதிரி கிட்டில் 4100 என்ற மெமரி அட்ரஸில்தான் அடித்தார்கள்.

இது எப்படி என்னிடம் வந்தது என்றால், உக்கடம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் டிரான்ஸ்பார்மர் தேடிப் போயிருந்தேன். மொட்டை மாடியில் ஒரு குவியல், ஏதோ ஒரு காலேஜ் லேப்பைக் காலி பண்ணிக் கொட்டியிருக்கிறார்கள். ரெண்டு கிட், ஒரு பவர் சப்ளை. கடைக்காரர் எடை போட்டுத்தான் கொடுத்தார், உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்து பவர் சப்ளையைத் திறந்தால் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்து, உப்பிப் போன கெப்பாசிட்டர்களை மாற்றி, கிட்டில் மாட்டாமலேயே மீட்டர் வைத்து 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று பார்த்தேன். பழைய போர்டு வாங்குகிறவர்கள் இதை மட்டும் தயவுசெய்து செய்யுங்க, அவசரப்பட்டு நேராக மாட்டினால் 40 வருஷம் பிழைத்திருந்த சிப்பை 1 செகண்டில் நாமே கொன்றுவிடுவோம். இந்த 8085-ன் கடைசி 5-க்கே அந்த 5 வோல்ட்தான் அர்த்தம். இதற்கு முந்தைய 8080, 1974-ல் வந்தது, அதற்கு பிளஸ் 5, மைனஸ் 5, பிளஸ் 12 என்று மூன்று விதமான வோல்டேஜ் கொடுக்க வேண்டும். 1976-ல் இன்டெல் அதையே ஒற்றை 5 வோல்ட்டில் ஓடுகிற மாதிரி செய்தது, அதனால்தான் பேரிலும் அந்த 5.

சரி, சப்ளை வந்தாச்சு, மாட்டினேன். டிஸ்ப்ளேயில் ஒன்றுமே இல்லை. டிஸ்ப்ளேயைக் கவனிக்கிற 8279-ஐ மாற்றிப் பார்த்தேன், ராம் சிப்பை (கரண்ட் இருக்கும்வரை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிற மெமரி) மாற்றினேன், கிரிஸ்டலை மாற்றினேன், ரெண்டு ராத்திரி போனது. மூன்றாவது நாள்தான் புத்தி வந்தது, பிராசசரின் 36-வது காலில் மீட்டரை வைத்தேன். அது ரீசெட் கால். ஓடும்போது 5 வோல்ட் இருக்க வேண்டிய இடம், அங்கே சைபர். கீபோர்டில் ரீசெட் பட்டன் துருப்பிடித்து அமுங்கியே கிடந்திருக்கிறது. பாவம், நான் எதையெல்லாமோ கழற்றி மாட்டிக்கொண்டிருந்த அந்த ரெண்டு ராத்திரியும் பிராசசர் "இன்னும் ரீசெட்டை விடலையே" என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பட்டனைச் சுத்தம் செய்தேன், டிஸ்ப்ளே எரிந்தது.

ரெண்டாவது கிட் கதை வேறு. கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன், கிட்டின் சொந்தப் புரோகிராம் இருக்கிற இந்த ஈப்ராம் சிப்பின் நடுவில் வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல் தெரிகிறதா? உள்ளே சதுரமாக மின்னுகிறதே, அதுதான் அசல் சிலிக்கான். புற ஊதாக் கதிரைக் காட்டினால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும், மறுபடி எழுதிக்கொள்ளலாம், அதற்குத்தான் ஜன்னல். அதனால் மேலே எப்போதும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். முதல் கிட்டில் ஸ்டிக்கர் இருந்தது. ரெண்டாவதில் உரிந்து போயிருந்தது, அதுவும் மொட்டை மாடியில், நம்ம ஊர் சித்திரை வெயிலில். டியூப்லைட் வெளிச்சத்தில் அழிய சுமார் 3 வருஷம் ஆகும், நேர் வெயில் ஒரு வாரம் போதும் என்று தயாரித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். படித்துப் பார்த்தேன், மொத்தமும் எஃப்எஃப், அதாவது எல்லாம் அழிந்து காலி. வேடிக்கை என்னவென்றால் 8085-க்கு எஃப்எஃப் என்பதும் ஒரு கட்டளைதான், ஆர்எஸ்டி 7, அதாவது 0038-க்குப் போ. அங்கே போனால் அங்கேயும் எஃப்எஃப். மறுபடியும் 0038. செக்கு மாடு மாதிரி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் திரும்பி வர வேண்டிய அட்ரஸை ராமில் எழுதி எழுதி அதையும் குப்பையாக்கும்.

இதையெல்லாம் ஏன் இப்போது காட்டுகிறேன்? எங்கள் வீதிப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஆர்டுயினோ என்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டு வைத்து ஏதாவது செய்து கொண்டுவந்து காட்டுவார்கள். நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் எல்இடி எரிய ஒரு வரி எழுதுகிறாயே, அந்த வரி எங்கே போய் என்ன ஆகிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நமக்கும் காலேஜில் இந்தக் கிட்டைக் கொடுத்து நோட்டைப் பார்த்து அடி, ரிசல்ட் வந்தால் கையெழுத்து வாங்கு என்று விட்டுவிட்டார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் நல்ல பொருளை நம் லேப்கள் போரடித்தே கொன்றன. போன வாரம் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்து இதை நடுவில் வைத்தேன்.

முதல் புரோகிராம், 5-ஐயும் 7-ஐயும் கூட்டுவது. நீங்களும் கூடவே பாருங்க. ரீசெட், சப் (மெமரியைத் திறக்கிற பட்டன்), 4100, நெக்ஸ்ட். இடது பக்கம் நாலு எழுத்து அட்ரஸ், வலது பக்கம் ரெண்டு எழுத்து டேட்டா. எல்லாம் ஹெக்ஸில், அதாவது 10 முதல் 15 வரை ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று எழுதுகிற 16-கணக்கில். 3ஈ அடிக்கிறேன், அப்படியென்றால் அடுத்து வருகிற எண்ணை ஏ ரிஜிஸ்டரில், சிப்புக்குள்ளேயே இருக்கிற சின்ன அறையில், போடு. நெக்ஸ்ட், 05. நெக்ஸ்ட், 06, அதாவது பி ரிஜிஸ்டரில் போடு. நெக்ஸ்ட், 07. நெக்ஸ்ட், 80, ரெண்டையும் கூட்டு. அப்புறம் 32, விடையை மெமரியில் வை. எங்கே வைக்க? 4200-ல். ஆனால் 42, 00 என்று அடிக்கக் கூடாது, 00 முதலில், 42 பிறகு, இந்தச் சிப் அட்ரஸின் பின்பாதியைத்தான் முதலில் படிக்கும். கடைசியாக 76, நில். மொத்தம் 9 பைட்.

எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணுதான் முதலில் அடித்தது. கோ, 4100, எக்ஸெக், அதாவது 4100-ல் இருந்து ஓட்டு. 4200-ஐத் திறந்து பார்த்தால் சம்பந்தமே இல்லாத ஏதோ எண். மறுபடி ஓட்டினாலும் அதே எண். ஒவ்வொரு பைட்டாகத் திரும்பிப் பார்த்தோம், 42, 00 என்று நேராகவே அடித்திருக்கிறது. பிராசசர் அதை 0042 என்று படித்து அங்கே கொண்டுபோய் விடையை வைக்கப் பார்த்திருக்கிறது, அங்கே இருப்பது ஈப்ராம், கிட்டில் இருக்கும்போது எழுதினால் ஏறாது. விடை காற்றோடு போனது.

எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, அப்போது அங்கேதான் உட்கார்ந்திருந்தார். சிறுமுகையில் பட்டுத்தறி நெய்தவர், ஜக்கார்டு தறி, மேலே ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள், ஓட்டை இருந்தால் அந்த இழை மேலே தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது, அந்த அட்டை வரிசைதான் முந்தானையில் பூவாக விழும். அந்தப் பொண்ணு அடிப்பதையே அவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏங்கண்ணு, அட்டை ரெண்டு முன்னப் பின்ன மாறிப் போச்சாட்ட இருக்குது" என்றார். ஹெக்ஸ் தெரியாது, பைட் தெரியாது, கோளாறு மட்டும் சரியாகப் பிடிபட்டுவிட்டது. எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை.

திருத்தி ஓட்டினோம். 0சி வந்தது. "ஏனுங்ணா, பன்னெண்டு வரலையே, என்னமோ சைபர் சி-ன்னு வருதுங்க" என்றது அந்தப் பொண்ணு. ஹெக்ஸில் சி என்றால் 12தான் என்று சொல்லலாம், சொன்னேன், ஆனால் அதன் முகம் தெளியவில்லை. சரி என்று கூட்டின இடத்துக்கு அடுத்து, 4105-ல் 27 என்று ஒரு பைட் சேர்க்கச் சொன்னேன். இதில் நடுவில் எதையாவது நுழைத்தால் அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் ஒரு இடம் தள்ளி மறுபடி அடிக்க வேண்டும், வேறு வழியே கிடையாது, 32, 00, 42, 76 நாலையும் மறுபடி அடித்தது. ஓட்டினால் 12! அந்த 27-ன் பேர் டிஏஏ. விடையின் கடைசி இலக்கம் 9-க்கு மேல் போனால் ஒரு 6-ஐக் கூட்டிவிடும். 12-ம் 6-ம் 18, அந்தப் 18-ஐ ஹெக்ஸில் எழுதினால் 12. இதை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு இனிமேல் ஹெக்ஸ் பாடம் நடத்தத் தேவையில்லை.

அப்புறம் சிங்கிள் ஸ்டெப். எனக்குப் பிடித்த இடமே இதுதான். ஒரு பட்டன் அமுக்கினால் ஒரே ஒரு கட்டளை மட்டும் ஓடி நின்றுவிடும். 4100, அமுக்கு, 4102. ஏ-யைத் திறந்து பார், 05. அமுக்கு, 4104, பி-யில் 07. அமுக்கு, 4105, ஏ இப்போது 0சி. "4101 எங்கீங்ணா போச்சு?" என்று ஒரு பையன் கேட்டான். அது கட்டளை இல்லை, கட்டளையோடு வந்த எண், ரெண்டையும் சேர்த்து ஒரே வாயில் விழுங்கிவிட்டது என்றேன். எங்கேயும் ஒளிவு மறைவு கிடையாது, அட்ரஸ் வயர் 16, ஆகவே 65,536 இடம், உள்ளே சுமார் 6,500 டிரான்ஸிஸ்டர். ஒரு ஆள் உட்கார்ந்து முழுசாகப் புரிந்துகொள்ளக்கூடிய கம்ப்யூட்டர். என் ஃபோனைப் பற்றி நான் அப்படிச் சொல்ல முடியாது, அதைச் செய்தவர்களில் ஒருத்தர்கூடத் தனியாளாகச் சொல்ல முடியுமா என்று சந்தேகம்தான்.

ஆரம்பம் இதைவிடச் சின்னது. 1971-ல் வந்த 4004, ஜப்பானின் பிஸிகாம் கம்பெனி கால்குலேட்டருக்காக இன்டெல் செய்தது, வெறும் 2,300 டிரான்ஸிஸ்டர். அதை வடிவமைத்த ஃபெடரிகோ ஃபாஜின் தன் பேரின் முதல் எழுத்துகளைச் சிப்பின் ஓரத்திலேயே பொறித்து வைத்திருக்கிறார், நம்ம ஊரில் பாத்திரத்தில் பேர் வெட்டுவார்களே, அந்த மாதிரி. அவரே பிறகு வெளியே வந்து ஸைலாக் தொடங்கி 1976-ல் இசட்80 கொண்டுவந்தார். அந்த இசட்80-க்கு 2024-ல்தான் கடைசி ஆர்டர் என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய 48 வருஷம் விற்றிருக்கிறது!

8085 குடும்பமும் லேசுப்பட்டதில்லை. 1997-ல் செவ்வாயில் ஓடிய சோஜர்னர் வண்டிக்குள் இருந்தது இதன் தம்பி 80சி85தான், 2 மெகாஹெர்ட்ஸ். இங்கே இருக்கிற கிட்டே அதைவிட வேகம், 3 மெகாஹெர்ட்ஸ் சொச்சம். இதைச் சொன்னதும் பசங்க ஒரு நிமிஷம் கிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் மெதுவாக, "அங்க கரண்ட் போச்சுன்னா என்னங்ணா பண்ணும்?" என்றான். சோலார் பேனல் இருந்தது கண்ணு என்றேன்.

அவன் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு 10 நிமிஷம் முன்னால்தான் ஒரு பாலிடெக்னிக் பையன் பழைய பிரிண்டரில் கழற்றிய ஸ்டெப்பர் மோட்டாரை, வெளியே இருக்கிற பொருளைக் கிட்டோடு இணைக்கிற 8255 சிப் வழியாகச் சுற்ற வைக்கிறேன் என்று 40 பைட்டுக்கு மேல் அடித்து முடித்திருந்தான், எக்ஸெக் அமுக்கக் கையைக் கொண்டு போகும்போது கரண்ட் போனது. ராமில் இருந்தது அத்தனையும் போச்சு. அவன் கத்திய கத்தலில் லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். தமிழில் ரெண்டையும் ராம் என்றே எழுதிவிடுகிறோமே, கரண்ட் போனால் அழிகிறது ரேம், அழியாதது ரோம் என்று வாயால் நூறு தடவை சொல்வதைவிட அந்தக் கத்தல் நன்றாகப் புரிய வைத்துவிட்டது. அடுத்த தடவை அடிக்கும் முன் ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டான். மோட்டார் சுற்றியது, தலைகீழாக. மோட்டார் காயிலின் வயர் ரெண்டு மாறியிருந்தது.

வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு அவசரமாக நாலு வார்த்தை. போர்டில் சார்ஜ் பேட்டரி இருந்தால் அதைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கிறதா பாருங்க, பூத்திருந்தால் கீழே இருக்கிற காப்பர் டிராக்கும் போயிருக்கும். ஈப்ராம் மேல் ஸ்டிக்கர் இல்லையென்றால் விலையைப் பாதியாகக் கேளுங்க. சிப் எல்லாம் சாக்கெட்டில் இருந்தால் நல்லது, நேராகச் சால்டர் பண்ணியிருந்தால் பொறுமை வேண்டும். ஓடும்போது பிராசசர் மேல் விரல் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும், அது சாதாரணம், விரலை எடுக்க வைக்கிற சூடு என்றால் உடனே நிறுத்துங்க. கிட் கிடைக்காதவர்கள் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கலாம், கணக்கு அதே கணக்குதான், ரீசெட் பட்டன் துருப்பிடிக்கிற அனுபவம் மட்டும் கிடைக்காது.

அடுத்த வாரம் அந்த வெறும் எஃப்எஃப் ஈப்ராமுக்கு உயிர் கொடுக்கப் போகிறோம், நல்ல கிட்டில் இருந்து காப்பி எடுத்தாச்சு. அதுவரை உங்களுக்கு ஒரு வேலை. அந்த 05 இருக்கிற இடத்தில் எஃப்எஃப் போடுங்க, 07 இருக்கிற இடத்தில் 01. டிஏஏ வேண்டாம், பழைய 9 பைட் மட்டும். 4200-ல் என்ன வரும், விட்டுப்போன மிச்சம் எங்கே போய் உட்காரும்? எட்டாவது பொண்ணு கண்டுபிடித்துவிட்டது, அதனால் நான் சொல்வதாக இல்லை. கரண்ட் வேறு மினுக்குகிறது, முதலில் இதை சேவ் பண்ணிக்கொள்கிறேன். வரட்டுங்களா.